பட்டடையில் ஒரு தட்டு

கச்சிராயபாளையத்திலிருந்து மலையேறும் ரோட்டில் எந்தக் கொல்லுப்பட்டறையில் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், கரண்டில் ஓடுகிற சம்மட்டியை இந்தப் பக்கம் முதலில் செய்தவன் யார் என்று. என்னைத்தான் கைகாட்டுவார்கள். நாலாவதோடு நின்றவன் நான். வரைபடம், புத்தகம் எதுவும் கிடையாது. சேலத்தில் ஒரு பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அது ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே அளந்துகொண்டு வந்தேன்.

அதற்கு முன்னால் எனக்குச் சம்மட்டி அடித்தவன் என் தம்பி. பழுத்த இரும்பைக் குறட்டில் பிடித்து நான் பட்டடையில் வைப்பேன். என் சின்னச் சுத்தியல் எங்கே தொடுகிறதோ அங்கே அவன் சம்மட்டி விழும். இரும்பை விட்டு வெறும் பட்டடையில் ‘டிங்’ என்று ஒரு தட்டு தட்டினால் ‘நிறுத்து’ என்று அர்த்தம். வேலையில் வாய்ப்பேச்சே கிடையாது. அந்தத் தட்டுக்கு அப்புறம் அவன் சம்மட்டி ஒரு நாளும் இறங்கியதில்லை.

ஒரு கரும்பு வெட்டு சமயம். கொடுவாள் வாங்க மலையிலிருந்து வந்த நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

“ண்ணா, இந்த ஒரு கத்திக்கு நான் குறடு புடிக்கிறேன். நீ அடி.”

“நானு சம்மட்டி அடிக்கணுமா? அதுவும் ஒனக்கா?”

“அடிச்சா இன்னா, தோளு கழண்டு உழுந்துடுமா?”

வந்தவர்களில் ஒருத்தர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“சம்மட்டிக்குத் தோளு இருந்தா போதும்டா. குறட்டுக்கு மூளை வேணும்.”

அவன் சம்மட்டியைச் சுவரில் சாத்தினான். “தோளுதானே? ஒரு மிஷின வாங்கி வெச்சிக்கோ. அது எப்பவும் குறடு கேக்காது.” சட்டையை மாட்டிக்கொண்டு போனவன், மணலூர்பேட்டையில் மாமனார் ஊரிலேயே தனியாக உலை போட்டுவிட்டான்.

வாங்குவதாவது! நானே செய்தேன். ஓட்டம் நின்றுபோன கரும்பாலையின் மோட்டார். பழைய லாரியின் வில்பட்டை. தலைக்குத் தண்டவாளத் துண்டு. பெடலை மிதித்தால் பெல்ட் இறுகித் தலை அடிக்கும், காலை எடுத்தால் நிற்கும். முதல் நாள் ஓட்டியபோது சுவரிலிருந்து மண் கொட்டியது. “வூடு உழுந்தா அதுக்கும் ஒரு மிஷினு செய்வியா?” என்றாள் என் வீட்டுக்காரி. பள்ளம் வெட்டி, அடியில் கட்டைகளை அடுக்கி, அந்த அதிர்வையும் அடக்கினேன். எந்த இன்ஜினீயர் வந்து சொல்லிக்கொடுத்தான்?

மணலூர்பேட்டைப் பக்கம் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லியனுப்பினேன். “எம் மிஷினு சோறும் கேக்கல, குறடும் கேக்கலன்னு சொல்லுங்க.”

ஒரு நாள் கொடுவாள் அடிக்கும்போது இரும்பு குறட்டில் புரண்டது. நிறுத்த வேண்டும். என் வலது கை தானாகச் சுத்தியலை எடுத்து, பக்கத்திலிருந்த பழைய பட்டடையில் ‘டிங்’ என்று தட்டியது. தட்டியாகிவிட்டது, இனிச் சம்மட்டி இறங்காது என்று சுத்தியலைப் போட்டுவிட்டுக் குறட்டின் வாயை நேராக்கக் கையைக் கொடுத்தேன். கால் பெடலிலேயே இருந்தது. இரண்டு விரல் போய்விட்டது.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தம்பி வந்தான். என் கையில் போட்டிருந்த கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பிடிண்ணா?”

“பெல்ட்டு வழுக்கிடிச்சி.”

“பெல்ட்டு வழுக்கினா தலை இறங்காதே.” குரலைத் தாழ்த்திக் கேட்டான். “பட்டடையில தட்டினியா?”

‘ஆமாண்டா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னோடு வந்திருப்பான். அவன் முகத்திலேயே அது தெரிந்தது.

“பெல்ட்டுன்னு சொல்லிக்கினு இருக்கேன் இல்ல?”

எழுந்துகொண்டான். “சரிண்ணா. பெல்ட்ட மாத்திக்கோ.”

அதோடு அவன் என் பட்டறைப் படி ஏறவில்லை. நான் செய்த மிஷினில் குறை சொல்ல இன்றைக்கும் ஆள் கிடையாது. அந்த பெல்ட்டிலும் குறை இல்லை. ஆனாலும் ஊர் நம்ப வேண்டுமே என்று, வீட்டுக்கு வந்ததும் நன்றாயிருந்த அந்த பெல்ட்டை எட்டு விரலால் கழற்றி வீசிவிட்டுப் புதிசு மாட்டினேன்.