துப்பாக்கி இல்லாத துப்பாக்கிச் சங்கம்

சங்கக் காரியதரிசி வேலை என்றால், அடுத்தவர் கோபத்தை நல்ல தாளில் மரியாதையாக டைப் அடித்துக் கொடுக்கிற வேலை. மனு எழுதிக் கை வீங்கிய அன்பர்களே, மற்றவர்கள் நம்பாவிட்டாலும் நீங்கள் நம்புவீர்கள்.

பலகை

பர்மாவில் எண்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு, உரிமம் உள்ள வேட்டைத் துப்பாக்கிகளையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதைத் திருப்பிக் கேட்க, லத்தா பேட்டையில் ஒரு மாடி அறையில் பதினோரு பேர் சங்கம் வைத்தோம். உறுப்பினர்கள் சுட்டதாகச் சொன்ன புலிகளைக் கூட்டினால் அத்தனைக்கும் பர்மாக் காடே போதாது. புலிகள் வரிசையில் நின்றுதான் செத்திருக்க வேண்டும்.

கீழே கைலிக் கடை வைத்திருந்த வீட்டுக்காரர் காதர், எங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து ஆட்கள் கடையேறப் பயப்படுகிறார்கள் என்று அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். அடுத்த மாதமே பக்கத்துக் கடையில் பூட்டு உடைந்தது. காதர் பலகையைத் தன் தோளிலேயே சுமந்து மாடியேறி வந்தார்.

"மாட்டுங்கண்ணே. துப்பாக்கிதான் இல்லை, எழுத்தாவது இருக்கட்டும்."

காக்காய்

எதிர்வீட்டு மா சான் ஒருநாள் வந்து, அவள் காயப்போடும் மீனைக் காக்காய் தூக்குகிறது, நாலைச் சுட்டுத் தர வேண்டும் என்றாள். அன்று அறையில் இருந்தவர் எங்கள் உறுப்பினர் ஊ தேய்ன். எழுபது வயது, தகப்பனார் விட்டுப்போன இரட்டைக்குழல்தான் அவருக்கு உயிர். அதை ஒப்படைத்துவிட்டு வந்து மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர், மனு போடலாம் என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்து சவரம் செய்துகொண்டார். துப்பாக்கி எங்களிடம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். அவள் எங்கள் தேநீர்க் கோப்பைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பர்மிய வழக்கப்படி அவரை மாமா முறை வைத்துக் கேட்டாள்.

"ஊரே உங்களைக் கண்டு நடுங்குது. காக்காய்க்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது, ஊலே?"

ஏழும் ஒன்றும்

ஊ தேய்ன் மனைவி டோ கின், தின்கன்ஜூனிலிருந்து இரண்டு பஸ் மாறி என்னைப் பார்க்க வந்தார். கணவருக்குத் தெரியாது. அவருக்குக் கண் மங்கிவிட்டது, முழங்கால் மடங்காது, ஆனால் துப்பாக்கி கைக்கு வந்தால் அன்றைக்கே காட்டுக்குப் போவார், போனால் திரும்ப மாட்டார் என்றார். அப்படியானால் மனுவை நிறுத்திவிடுகிறேன் என்றேன். நிறுத்தினால் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார் என்று அழுதார்.

"துப்பாக்கி வரக்கூடாது, மனுவும் நிக்கக்கூடாது. டைப் அடிக்கிறது நீங்கதானே அண்ணே."

அன்றுமுதல் அவருடைய துப்பாக்கி எண்ணில் கடைசி இலக்கமான ஏழை மாற்றி ஒன்றாக அடித்தேன். சரியான எண் போட்ட பத்துப் பேருக்கும் பதிலே வந்ததில்லை. ஊ தேய்னுக்கு மட்டும் வருஷம் தவறாமல், 'எண் பொருந்தவில்லை, மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று முத்திரை குத்திய கடிதம் வரும். அரசாங்கம் தன் ஒருவனோடுதான் பேசுகிறது என்று அதை டீக்கடையெல்லாம் காட்டி வருவார்.

பத்து வருஷம் இப்படி ஓடியது. அந்தத் தடவை அவர் இருமிக்கொண்டே மாடியேறி வந்ததைப் பார்த்து என் மனசு கேட்கவில்லை. சாவதற்குள் ஒருமுறை கைக்கு வரட்டும் என்று சரியான எண்ணையே அடித்து, கையெழுத்துக்கு நீட்டினேன். தாளை மூக்கருகே பிடித்து, எண் இருந்த இடத்தில் விரலை வைத்தார். கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"எப்பவும்போல ஒண்ணே போட்டிருங்க. வந்து தொலைச்சுதுன்னா கின் தூங்க மாட்டா."

ஊரெல்லாம் எங்களைத் துப்பாக்கி கேட்கிற முரடர்கள் என்றது. அது வந்துவிடாதபடி காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு அந்த டைப் மெஷினுக்குத்தான் தெரியும்.