சந்தனம் வைத்த பிஸ்டல்

பதினோரு வயதில் எனக்குப் பிஸ்டலைப் பிரித்துத் துடைத்துத் திரும்பப் பூட்டத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வயதுப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்பாவுக்கு ஒரு பொதுத்துறைக் கிடங்கில் காவல் உத்தியோகம். டாலிகஞ்சில் கம்பெனி குவார்ட்டர்ஸ். எழுபதுகளின் தொடக்கம், கல்கத்தாவில் பையன்கள் போலீஸ்காரர்களைக் குத்திப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய காலம். கிடங்கில் வைத்தால் கொள்ளை போய்விடும், அவரவர் ஆயுதத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று மேலிடம் உத்தரவு போட்டது. கொள்ளைக்காரன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

அந்த ஆவணியில் டிராம் நிறுத்தத்தில், அப்பாவுக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டோ வெடித்தது. நாட்டு வெடிகுண்டுக்கு அங்கே அதுதான் பெயர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வலது கை மட்டும் அன்றிலிருந்து நடுங்க ஆரம்பித்தது. அம்மா காபியை அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பாள். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். அதனால் அந்தக் கையை நாங்கள் மூன்று பேரும் திருட்டுச் சாமானைப் போல ஒளித்து வைத்திருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. தெருவெல்லாம் துர்கா பூஜைக் கொட்டு. மற்றப் பிள்ளைகள் கேப் துப்பாக்கி வெடித்துக்கொண்டு திரிந்தார்கள். அம்மா எங்கள் ஊர் முறைப்படி அரிவாள்மணை, தையல் மிஷின், என் புத்தகங்கள் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்தாள். அப்பா பிஸ்டலிலிருந்து குண்டுகளை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் அதற்கும் சந்தனம், குங்குமம். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. தாராளமாகக் குழைத்து மூன்று இடத்தில் அப்பியிருந்தாள். சந்தனம் வழிந்து இடுக்கில் எல்லாம் இறங்கியிருந்தது.

"ஏங்க, அதைத் தொடாதிய. நாளைக்குக் காலைல பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு சாகேப் ஆயுத இன்ஸ்பெக்சனுக்கு வாரான்டி."

"சாமியவிட பெரிய சாகேபா?"

அப்பா துண்டை உதறிக் கொடியில் போட்டார். வீட்டுக்குள் வந்தால் அவர் சாமிக்கும் பயப்படுவார், அம்மாவுக்கும் பயப்படுவார்.

மறுநாள் காலை அம்மா மறுபூஜை செய்து பொரிகடலை கொடுத்ததும் தரையில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தார். சந்தனம் காய்ந்து சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்தபடி ஓர் ஊசியைக் கழற்ற வேண்டும். அவர் இழுத்தார், கை உதறியது, விட்டுவிட்டார். மறுபடி இழுத்தார். ஒருவழியாகக் கழன்றபோது ஸ்பிரிங் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடியது. நான் படுத்து, தவழ்ந்து எடுத்து வந்தேன். அவர் அதை வாங்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, நீயே பண்ணு. நான் சொல்லுதேன்."

"பொம்பளப் புள்ள கையில குடுக்குத பொருளா இது?" என்றாள் அம்மா.

"அப்ப நீ வந்து மாட்டு."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குச்சியால் இடுக்குகளைச் சுரண்டினேன். குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்தேன். முதல் துணி மஞ்சளாக வந்தது, அடுத்தது சிவப்பாக. வெள்ளையாக வரும்வரை அப்பா விடவில்லை. பிறகு குழல், அதன் கீழே ஸ்பிரிங், மேல்பாகம், கடைசியில் அந்த ஊசி. ஊசி உட்காரவே இல்லை. "அழுத்தாதட்டி, வழி விடுற இடம் தெரியும், தடவிப் பாரு" என்றார். தடவினேன். சட்டென்று உள்ளே போய்க் கிளிக் என்றது. அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்பா குண்டுகளைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

சாயங்காலம், நான் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிப் பெண்மணி விஜயதசமிக்கென்று தேங்காய் உருண்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார்.

"பாஸாயிட்டியளா?" என்றாள் அம்மா.

"குழலை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தான். இவனை மாதிரி ஆயுதம் வச்சிருக்கிறவன் டிப்போவுலயே கிடையாதுன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னான்." குனிந்து செருப்பைக் கழற்றினார். "நாளையிலேருந்து சம்பள வண்டில என்னையப் போகச் சொல்லிட்டான்."

பாங்கிலிருந்து சம்பளப் பணம் கொண்டுவரும் அந்த வண்டியில் முன்பு போன காவல்காரரைப் பவானிபூரில் வழிமறித்துக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவனும் அதில் ஏறச் சம்மதிக்கவில்லை. சாகேப் அலிப்பூர் பங்களாவை விட்டு இரண்டு துப்பாக்கிக்காரன் இல்லாமல் வெளியே வரமாட்டான். ஒழுங்காக வேலை செய்தவனுக்கு அந்த நாய் கொடுத்த பரிசு இது. அப்பா கையை நீட்டிக் காட்டி, முடியாது என்று சொல்லியிருக்கலாம். நீட்டினால் மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

இதெல்லாம் பின்னால் சேர்ந்த விவரம். அன்று எனக்குப் புரிந்தது, நான் துடைத்த துப்பாக்கிக்கு முதல் பரிசு என்பது மட்டும்தான். குதித்தேன்.

"அப்ப இனி வாராவாரம் நாந்தான துடைப்பேன்?"

"ஆமாட்டி. நீதான்" என்றார் அப்பா.

அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். அதுவரை என்னை அடித்ததே இல்லை. தேங்காய் உருண்டை வாயிலிருந்து தரையில் விழுந்தது. அப்பா ஏன் என்று கேட்கவில்லை. காலையில் துப்பாக்கி துடைத்த எண்ணெய்க் கையோடு தின்றுவிட்டேன், அதற்குத்தான் அடி என்று நினைத்தேன். குழாயடிக்குப் போய் நகக்கண் வரை தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்து, அம்மா பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன்.