புறவாசலில் இருக்கும் என் ஆபீஸ்

புறவாசலில் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கியிருந்த தகரக் கொட்டகையை ஆபீஸ் ஆக்கி ஒரு வாரம் ஆகிறது. காரம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் தும்முகிறேன்.

இன்று காலை என் கணவரின் அக்கா அடுத்த தெருவிலிருந்து வந்தார்.

"ஏட்டி, ஒங்க மாடில வத்தல் காயப்போட்டிருக்கேன். மழை வந்தா அள்ளிரு. வீட்டுலதான இருக்க."

"இல்ல மதினி, ஆறு மணி வரைக்கும் ஆபீஸ்ல இருப்பேன்."

கொட்டகையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் வீட்டைப் பூட்டி, செருப்பை மாட்டி, டிபன் டப்பாவோடு பதினாறு எட்டு எடுத்து வைத்து ஆபீஸ் போனேன்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. மீட்டிங் நடுவே மதினியின் போன். மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"எங்கன இருக்க? வத்தல் நனையப்போவுது."

"ஆபீஸ்ல இருக்கேன் மதினி. வீட்டுல யாருமில்ல. சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு."

அவரே ஓடிவந்து அள்ளினார். போகும்போது, இந்த ஒரு வாரத்தில் முதல் தடவையாக, கொட்டகைக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

"வீட்டுக்கு எப்ப வருவ?"

"ஆறு மணிக்கு மேல ஆவும். வழியில கோழி நின்னா இன்னும் லேட்டாவும்."

உங்கள் ஆபீஸ் எத்தனை எட்டு?