போறணையில் வைத்த தகடு

கட்டாரிலிருந்து முதுகுவலியோடு திரும்பிய என் கூடப்பிறந்த மூத்த காக்கா, இனி வெளிநாடே வேண்டாம் என்று சாய்ந்தமருதில் ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கிப் போட்டு, அலுமினியத் தகட்டில் கிண்ணம் அடிக்கத் தொடங்கினார். வட்டிலப்பம் என்ற இனிப்பு வைக்கும் சின்னக் கிண்ணம். நோன்புக்கு முன் தரும்படி கல்முனைக் கடையொன்று கேட்டிருந்தது. அது சரிவந்தால் பிள்ளைகளோடு ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் திரும்பவும் கட்டார்தான்.

தகடு மலிவாகக் கிடைத்தது. ஆலையில் உருட்டி உருட்டி இறுகிப்போனது. அடித்த கிண்ணமெல்லாம் விளிம்பில் நாலு இடத்தில் காது மாதிரி எழும்பி நின்றது. வெட்டிச் சமப்படுத்தினால் குட்டையாகிவிடும். கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார்.

நான் உலோகவியலில் பட்டம் எடுத்தவன். கேட்கவா வேண்டும்? உலோகத்துக்குள் இருக்கும் படிகங்கள், உருட்டும்போது, தொழுகையில் சப்பு வரிசையில் நிற்பவர்களைப் போல ஒரே திசைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் இழுபடுகிறது என்று விளக்கினேன். சூடாக்கினால் புதிய படிகங்கள் முளைக்கும், பழைய திசையெல்லாம் மறந்துபோகும் என்றேன்.

பேக்கரிக்காரரைக் கெஞ்சி, பாண் போடாத ஒரு நாளில் போறணை அடுப்புக்குள் விறகை அள்ளிப் போட்டோம். முதலில் ஒரு துண்டை வைத்துப் பார்ப்போம் என்றார் காக்கா. நான் கேட்கவில்லை. மிச்சத் தகடு முழுவதையும் வைக்கச் சொன்னேன். சூடு தெரிய அதில் கீறியிருந்த சவர்க்காரக் கோடு கறுத்த பிறகும் ஒரு மணித்தியாலம் விடச் சொன்னேன்.

ஆறவிட்டுக் கிண்ணம் அடித்துப் பார்த்தோம். காது போகவில்லை. முன்பு பள்ளமாக இருந்த இடங்களில் இப்போது நாலு காது. காக்கா விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"இது மறக்கல்ல தம்பி. வேற பக்கம் திரும்பி நிக்கிது, அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிரஸ்ஸை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போனார்.

அதன்பிறகுதான் என் பழைய கொப்பியைத் திறந்தேன். புதிய படிகங்களும் தங்களுக்கென்று ஒரு திசையில் வரிசைகட்டும். பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கும்போது எடுத்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி விளிம்பு நேராகும். என் கையெழுத்திலேயே இருந்தது. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். வெட்கத்தில் கூசிப்போனேன்.

போனில் காக்காவிடம் சொன்னேன்.

"அப்ப பிரஸ்ஸ எடுத்தவனுக்குப் போய்ச் சொல்லிக்குடு. அவனும் புள்ளகுட்டிக்காரன்."

போய்ச் சொன்னேன். துண்டு துண்டாக வைத்துப் பார்த்ததில், மூன்றாவது முறை விளிம்பு கிட்டத்தட்ட நேராக வந்தது. காக்கா ஒப்பந்தம் முடிந்து வர இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.