நிறுக்கும்போது கதைக்கக் கூடாது

என்னிடம் ஒரு தராசு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் தட்டு, ஒரு சாண் நீளக் கோல், கோலின் முனையில் மயிரளவுக்கு ஒரு கோடு. உப்புக்கல் ஒன்றைப் போட்டாலும் கோல் அசையும். முப்பது வருடம் கனடாவில் இருந்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியபோது என்னுடன் வந்தவை இந்தத் தராசும் நிறை எழுதி வைத்த ஒரு கொப்பியும் இரண்டு பெட்டி உடுப்பும்தான். துவக்கை விற்றுவிட்டேன். தோட்டா அடைக்கும் இயந்திரத்தையும் விற்றுவிட்டேன். கலியாணம் கட்டாதவன் என்பதால் பிரித்துக் கொடுக்க வேறொன்றும் இருக்கவில்லை.

தோட்டா அடைப்பது என்றதும் இங்கே ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. நான் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையில் ஒருவர்தான் என்னை முதன்முதலில் சுடுதிடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆயிரம் மீற்றருக்கு அப்பால் ஒரு இரும்புத் தட்டு தொங்கும். சுட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் ‘டிங்’ என்று சத்தம் திரும்பி வரும். அந்த நாட்டில் நான் செய்த ஒரு காரியத்துக்குத் தவறாமல் பதில் வந்தது அந்த இடத்தில்தான். அதனால் விடாமல் போனேன்.

அவ்வளவு தூரத்துக்குச் சுடும் துவக்கின் தோட்டா நடுவிரல் நீளம் இருக்கும். கடையில் வாங்கும் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசப்படும். கிட்டத்தில் அது தெரியாது. ஆயிரம் மீற்றரில் அந்த மயிரளவு ஒரு முழமாகிவிடும். அதனால் சுட்ட பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, கழுவி, வாயைச் சீவி, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, பாய்ந்து போகிற குண்டான ரவையை வாயில் அமத்தி, எல்லாவற்றையும் நானே அடைத்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நிலவறைக்குள் இறங்கினால் ஐம்பது தோட்டா முடியாமல் மேலே வரமாட்டேன். வேறு ஆருக்காக வரவேண்டும்?

கனடாவின் மேற்குப் பக்கத்தில், நான் இருந்த இடத்தில், சனி காலை ஏழு மணி என்றால் திருகோணமலையில் விளக்கு வைக்கிற நேரம். என் அக்கா அந்த நேரத்தில்தான் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். புருஷனை இழந்தவள், அரசாங்கக் கச்சேரியில் லிகிதராக எழுத்து வேலை பார்த்தவள், ஒரே மகளும் கட்டிப்போனபின் உட்துறைமுக வீதி வீட்டில் தனியே இருந்தாள். ஒருநாள் நான் மருந்து போட்டுக்கொண்டிருந்த நேரம் அழைப்பு வந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறதாம், குழாய்த் தண்ணீருக்கு எழுதிக் கொடுக்கவா வேண்டாமா என்று அரை மணித்தியாலக் கதை. கதையை முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். விட்ட இடம் எது என்பதில்தான் பிழை. ஒரு கோதுக்கு மருந்து போடாமலே ரவையை அமத்திவிட்டேன்.

மறுநாள் திடலில் அந்தத் தோட்டா ‘புஸ்’ என்றது. அதில் ஒரு பெரிய வெடியும் இல்லை, தோளில் ஒரு இடியும் இல்லை. நான் யோசிக்காமல் கோதைக் கழற்றிவிட்டு அடுத்ததை எடுத்தேன். பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தி என்னை நிற்பாட்டினார். ரவை குழலுக்குள் சிக்கி நின்றது. மற்றதையும் சுட்டிருந்தால் துவக்கு என் முகத்திலேயே வெடித்திருக்கும். வீட்டுக்கு வந்து மீதித் தோட்டாக்கள் அத்தனையையும் பிரித்தேன். முடிக்க இரண்டு நாள் எடுத்தது.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வைத்தேன். நிறுக்கும்போது கதைக்கக் கூடாது. அக்காவுக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவளுடைய அழைப்புத்தான் என்னைக் கொல்லப் பார்த்தது என்றாகிவிடும். பிறகு எடுக்கவே மாட்டாள். அதனால் நிறுக்கிற வேலை என்று மட்டும் சொன்னேன். அவள் நேரத்தை மாற்றவில்லை. விளக்கு வைத்துவிட்டு எடுத்துத்தான் பழக்கம். பதினெட்டு வருடம் நான் எடுக்கவில்லை, அல்லது எடுத்து “பிறகு எடுக்கிறன் அக்கா” என்றேன். பிறகு எடுத்தால் அவள் படுத்திருப்பாள். போகப் போக அவளே முதல் சொல்லாக “நிறுக்கிறியோ?” என்று கேட்கத் தொடங்கினாள். ஓம் என்றால் வைத்துவிடுவாள். கோபிக்கவில்லை. கோபித்திருக்கலாம்.

ஓய்வு பெற்று வந்து அவளுடன்தான் தங்கினேன். வந்த கிழமையே ஒரு கூத்து நடந்தது. என் பெட்டிக்குள் ஒரேயொரு வெற்றுக் கோது, பேனை வைக்கப் பயன்பட்டது, சப்பாத்துக்குள் மாட்டுப்பட்டு வந்திருந்தது. விமான நிலையத்தில் எப்படித் தப்பியது என்று எனக்கே தெரியாது. அக்கா அதைக் கண்டதும் கதவைச் சாத்தினாள். சண்டைக் காலத்தில் இந்த ஊரில் ஒரு வெற்றுக் கோதுக்காக எத்தனை வீட்டுப் பிள்ளைகளை ஆமி ஏற்றிக்கொண்டு போனது என்று அவளுக்குத் தெரியும், நான் கேள்விப்பட்டதுதான். மீன் செதிலோடு சேர்த்துச் சுற்றி, கடற்கரை வீதியில் நின்று அவளே கடலுக்குள் எறிந்துவிட்டு வந்தாள். முப்பது வருடம் நான் பொன் போலப் பொறுக்கிய சாமானை அவள் பிடிக்கக்கூட மாட்டாள் என்று அன்றுதான் விளங்கியது.

தராசை மட்டும் விட்டுவைத்தாள். அதற்கு ஒரு வேலை கிடைத்தது. அக்காவுக்கு இருதய வருத்தம். இரத்தம் உறையாமலிருக்க ஒரு குளிசை. ஒன்றேகால் குடிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கால் குளிசை என்பது அவளுக்கு மரக்கறிக் கத்தியின் குத்துமதிப்பு. எனக்குப் பொறுக்கவில்லை. சவர அலகால் வெட்டி, நிறுத்து, கூடியதை ஓரத்தில் சுரண்டி, மாதம் ஒருமுறை முப்பது சின்னப் பைகளில் போட்டுக் கொடுத்தேன். காற்றுப் பட்டால் கோல் ஆடும் என்பதால் மின்விசிறியை நிற்பாட்டி யன்னலையும் சாத்திவிடுவேன். கச்சான் காற்று அனலாய் அடிக்கிற ஆடி மாதத்தில் குசினி வாசலில் விசிறிமட்டையோடு இருந்து அக்கா வேர்த்து வடிவாள். வெடிமருந்து நிறுத்த கையால் குளிசை நிறுக்கிறான், எப்ப என்னைச் சுடப்போகிறானோ என்று நக்கலும் அடிப்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் நிறுத்தது இன்னொருவருக்குப் பயன்பட்டது.

ஆனால் நாங்கள் கதைத்தது குறைவு. பழக்கமில்லாத இரண்டு பேர். பின்னேரங்களில் மேல்மாடியில் கதிரை போட்டுத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் நங்கூரமிட்ட படகுக்கு எத்தனை மீற்றர், காற்று எந்தப் பக்கம் என்று மனதுக்குள் கணக்குப் பார்ப்பேன். அவள் என்ன நினைத்தாள் என்று கேட்டதில்லை.

கடைசியாகக் கால் குளிசை நிறுத்த நாளும் வழக்கம் போலத்தான் தொடங்கியது. இருபத்திமூன்றாவது துண்டு தட்டில் கிடந்தது. கோல் மெல்ல நிலைக்கு வந்துகொண்டிருந்தது. அக்கா விசிறியைக் கீழே வைத்தாள்.

“தம்பி, உன்னட்ட ஒண்டு கேக்கோணும்” என்றாள்.

நான் பார்க்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினேன். திடலில் அந்த ஆள் உயர்த்தியதுபோல், விரித்த உள்ளங்கை. யோசித்துச் செய்யவில்லை, பதினெட்டு வருடப் பழக்கம் தானாகச் செய்தது. கோல் நிலைக்கு வந்தது, பையை ஒட்டினேன், அடுத்ததை எடுத்தேன். முப்பதும் முடிந்தபின்தான் நிமிர்ந்தேன். வாசலில் அவள் இல்லை. குசினிக்குள் போய் என்ன கேட்க வந்தீங்கள் என்றேன். ஒன்றுமில்லை என்று அரிசி களைந்துகொண்டிருந்தாள். நானும் விட்டுவிட்டேன். அந்த விட்டுவிட்டதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

இரண்டு கிழமைக்குள் மருமகள், அக்காவின் மகள், வவுனியாவிலிருந்து ஒரு வான் வண்டியோடு வந்தாள். அம்மாவைத் தன்னோடு வைத்திருக்கப் போகிறாளாம். எல்லாம் பேசி முடிந்த விஷயமாக இருந்தது. சாமான் ஏற்றும்போது வாசல் படலையடியில் என்னைத் தனியே பிடித்துக் கேட்டாள்.

“மாமா, உங்களிட்டக் கேட்டுப்போட்டு முடிவு சொல்லுறன் எண்டுதான் அம்மா சொன்னவா. தம்பி ‘இருங்கோ’ எண்டு சொன்னால், தான் வவுனியாவுக்கு வரேல்லை எண்டவா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையாமே?”

அக்கா முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். போய்க் கண்ணாடிப் பக்கம் நின்றேன். குழலுக்குள் சிக்கிய ரவையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கை ஏன் எழும்பியது என்று சொல்லியிருக்கலாம். இருங்கோ அக்கா, எனக்கு வேறு ஆரும் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள். எனக்கு அவளைத் தெரியும். நான் சொன்னது, குளிசைப் பைகளை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்பதுதான். அவள் தலையாட்டினாள். வான் வெளிக்கிட்டது.

இப்போது வீட்டில் நான் மட்டும். மின்விசிறி நாள் முழுக்கச் சுற்றுகிறது. தராசு அலுமாரிக்குள் துணி சுற்றிக் கிடக்கிறது. வவுனியாவில் ஒரு மருந்துக்கடைக்காரர் குளிசையை வெட்டிக் கொடுக்கிறாராம், நல்லாகத்தான் இருக்கிறதாம்.

போன சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் அக்கா தொலைபேசி எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“நிறுக்கிறியோ தம்பி?”

“இல்லை அக்கா. நான் சும்மாதான் இருக்கிறன். சொல்லுங்கோ.”

அந்தப் பக்கம் பேரப்பிள்ளைகள் ஏதோ சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

“சொல்ல ஒண்டும் இல்லை. பழக்கத்தில எடுத்திட்டன். வைக்கிறன்” என்றாள்.

வைத்துவிட்டாள். நான் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினேன். ஐந்தும் எண்ணினேன்.