சீனியம்மாள் விற்க மறுத்த குடல்

திருமங்கலம் சந்தையில் இருபது வருடம் ஆட்டுக்குடல் விற்ற சீனியம்மாளை, 1978இல் சொந்தக் குடல் கைவிட்டது. ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு. இடுப்பில் சேலை நிற்காத அளவுக்கு இளைத்துப்போய், நான் டெக்னீஷியனாக இருந்த மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

குடலில் அரிசி அளவு சதை எடுத்து, அதில் நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது எங்கள் டாக்டரின் ஆராய்ச்சி. மெல்லிய குழாயின் நுனியில் மொச்சை அளவு குப்பி, அதற்குள் குட்டிக் கத்தி. வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும்.

“கழுவாமயா பாப்பீக?” என்றாள். தொழில் சந்தேகம்.

முதல் தடவை குப்பி வாந்தியோடு திரும்பி வந்தது. அடுத்த வாரமும் அப்படியே, கூடவே சோற்றுப் பருக்கை. டாக்டர் கத்தினார்.

“சத்தியமாச் சாப்புடலய்யா” என்று அழுதாள். இன்னும் ஒரு வாரம் இழுத்தால் ஆள் மிஞ்சமாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

“காலைல என்னதான் குடிச்சீக?” என்று கேட்டேன்.

“நீச்சத்தண்ணிதேன் தம்பி. அது சாப்பாடா?”

பழைய சோற்றுத் தண்ணீரை எங்கள் பக்கம் யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. நானும் திருமங்கலத்தை அடுத்த கள்ளிக்குடிக்காரன்தான். இதைக் கேட்க எனக்கு இரண்டு வாரம் ஆனது வெட்கக்கேடு.

அன்று அவளை வார்டிலேயே தங்க வைத்தோம். மறுநாள் சதை கிடைத்தது. நாலு நாள் கழித்து, தானும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தே தீருவேன் என்று நின்றாள். விட்டேன்.

“நல்ல கொடலு உள்பக்கம் தல தொவட்டுற தேங்காப்பூத் துண்டு கணக்கா இருக்கும். இது நைஞ்சுபோன துண்டு. நீலப் பொட்டா அப்பிக் கெடக்கே, என்னா அது?”

“வெள்ளை அணு. சாயத்துல நீலமாத் தெரியுது. இம்புட்டு இருக்கக் கூடாது.”

“இத நான் விக்க மாட்டேன்.”

டாக்டர் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சொன்னதும் இதையேதான்.

நாலு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். சேலை இடுப்பில் நின்றது. மறுபடி குப்பி, மறுபடி சதை. முடிவு பார்க்கும் நாளில் தூக்குவாளியோடு வந்து, டாக்டருக்கு முன்பே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“என்னம்மா?” என்றார் டாக்டர்.

“விக்கலாம்யா” என்றாள். குரல் உடைந்தது.

பிறகு தூக்குவாளியைத் திறந்து, டாக்டர் கண்ணெதிரே நீச்சத்தண்ணியை மடமடவென்று குடித்தாள்.