இடுப்புக் கயிறு

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர்: மாத்தளை ஆஸ்பத்திரி டாக்டர், நர்ஸ், நான். துணைக்கு யாரும் இல்லை. கலவரத்துக்குப் பிறகு பிள்ளைகள் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்.

இரண்டு வருடமாக இடது இடுப்பில் வலி. தொடை வரை இழுக்கும். சிறுநீரகம் கெட்டுவிட்டது, தோட்டத்து லயத்தில், என் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்து சாகப்போகிறேன் என்றே பயந்திருந்தேன். வலி கூடக் கூட, தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது, செடி கீறாமல் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கின் கயிற்றை இன்னும் இறுக்கினேன். இறுக்கினால் தாங்கும் என்று எண்ணம்.

நர்ஸ் முதுகைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, கயிறு பதிஞ்சு பள்ளமாவே ஆயிருச்சு! வீட்டில யாரும் சொல்லலியா?" என்றார்.

"பார்க்க யாருங்க இருக்கா?" என்றேன்.

டாக்டர் இடுப்பெலும்பின் மேல் ஓரிடத்தில் அழுத்தினார். அலறிவிட்டேன்.

"சோதிச்சாச்சு, கிட்னி நல்லாத்தான் இருக்கு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேர்ற மூட்டுல நோவு. அதோட, எலும்பைத் தாண்டிப் போற நரம்பையும் இந்தக் கயிறு நசுக்குது" என்றார்.

இப்போது கயிற்றை விட்டுவிட்டு, அகலமான பழைய சேலைத் துண்டால் தளர்வாகக் கட்டுகிறேன். ஞாயிறுதோறும் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாவிடம் போய், "முதுகைக் கொஞ்சம் பாருங்கக்கா" என்கிறேன். பள்ளம் மறைந்துவிட்டது என்று அவர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஆனாலும் போகிறேன்.